ஒரு படகுக்கு ஒரு ஜோடி

முனியாண்டி துணை
செமிலிங் படகுத்துறை
2603, சித்திரை 9

சௌபாக்கியவதி மருமகள் பிரேமாவதிக்கு, தாய்மாமன் சின்னையா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை செல்லாயியும் ஒரே படகில் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளை அழகேசனும் ஒரே கூரையின் கீழ் நலமாக இருக்க வேண்டியது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேனா இல்லையா? வெள்ளைக்காரத் துரை தன் நாய்க்கு பிஸ்கோத்து ஊட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, காலையில் பேர் வாசிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, "இந்தாள் ஒருநாள் நாயைக்கூட விட்டுட்டு ஓடுவான்" என்றேன். சிரித்தார்கள். ஓடினானா இல்லையா? ரப்பர் பாலை யாரும் சீந்த மாட்டான் என்றேன். அரிசி கண்ணில் படாது, மரவள்ளிக் கிழங்குதான் என்றேன். சாக்கு கட்டிக்கொண்டு திரிவோம் என்றேன். இதை எழுதும்போது நான் சாக்குதான் கட்டியிருக்கிறேன். சொன்ன வாக்கை நானே காப்பாற்ற வேண்டாமா?

மேலே 2603 என்று போட்டதைப் பார்த்து மிரளாதே. அது சப்பான்காரன் கணக்கு. நமக்கு 1943தான். எனக்கு இரண்டு கணக்கும் அத்துப்படி.

தோட்டத்தை விட்டு இங்கே வந்ததும் என் யோசனைதான். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்து விற்கிறோம். ஒரு சீனன் விட்டுப்போன சம்பான் படகு கிடைத்தது. அதற்குப் பாய்மரம் நட்டு, கோணிச்சாக்கைத் தைத்துப் பாய் கட்டினேன். சாக்கு போதாமல் நடுவில் ஒரு முழம் ஓட்டை. உன் அத்தை பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்து வெட்டி ஒட்டுப்போட்டுவிட்டாள். "கட்டிக்கிட்டுப் போக எந்தக் கல்யாணம் இருக்கு?" என்றாள். இப்போது எங்கள் பாய்க்கு நடுநெற்றியில் சிவப்புப் பொட்டு. ஆற்று முகத்துவாரத்தில் நின்றாலும் தெரியும், சின்னையா வருகிறான் என்று.

இந்தத் துறையில் இருக்கிற சப்பான் அதிகாரி ஒரு சட்டம் வைத்திருக்கிறான். தனி ஆம்பளை படகில் ஏறினால் அவன் கெரில்லாக்காரன். புருஷன் பெண்டாட்டி என்றால் குடும்பஸ்தன், போகலாம். ஒரு படகுக்கு ஒரு ஜோடி. இரண்டு பேரும் போய் நின்று வணங்கினால், கயிறு கட்டின மரவில்லை ஒன்றைக் கொடுப்பான். அதைப் பாய்மரத்தில் தொங்கவிட வேண்டும். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. சப்பான்காரன் சேர்த்து அனுப்புகிறான்.

சுக்கான் பிடிப்பது நான். அத்தை நாகப்பட்டினத்துக் கடற்கரையில் கட்டுமரக்காரன் வீட்டில் பிறந்தவள், ஆகையால் கொஞ்சம் தெரியும். மிச்சத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். அவள் ரப்பர் பால் பிடிக்கிற மங்குச் சட்டியை வைத்துப் படகில் புகுந்த தண்ணீரை இறைப்பாள். இதுவரைக்கும் பினாங்குக்கே மூன்று தடவை போய் வந்துவிட்டோம். கடைசித் தடவை தென்னை மரம் உயரத்துக்கு ஒரு அலை. நான் ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டது.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "உப்பு அனுப்பியிருக்கோம், பத்திரமா வெச்சுக்கோன்னு ஒரு வரி போதாதா?" என்கிறாள். மேற்படி உப்பை அப்துல் சமது நானா சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். கடுதாசி உப்புக்கூடைக்கு அடியில் இருக்கும். தபால் ஆபீஸில் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் உன் பதிலையும் அவரிடமே கொடு.

கீழே உன் அத்தையின் கைநாட்டு. பானைக்கரிதான். இந்தத் தடவை அழகாகப் பதிந்திருக்கிறது.

மாமன் சின்னையா

*

குருண் எட்டாங்கட்டைத் தோட்டம்
வைகாசி 3

மாமாவுக்கும் அத்தைக்கும் பிரேமாவதி வணக்கம். உப்பு வந்து சேர்ந்தது. நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இருக்கிறோம்.

போன வாரம் கீழ் லயத்து வீடுகளிலிருந்து இருபத்திரண்டு பேரை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாதம்தான், அரிசிச் சோறு கிடைக்கும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி பரஞ்சோதி பேர் வாசித்தார். பிச்சை அண்ணன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அப்படியே ஈர முகத்தோடு ஏறினார். அவர் பெண்டாட்டி காளியம்மா அன்றிலிருந்து அந்தச் செம்பை உள்ளே எடுத்து வைக்கவில்லை. முதலில் போன கூட்டத்தில் இதுவரை ஒருத்தரும் திரும்பவில்லை. காடு, காய்ச்சல் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த பட்டியலில் உங்கள் மாப்பிள்ளை பேர் இருக்கிறது. கிராணி வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்லவில்லை, எனக்கு நாலு மாதம். முந்தி இரண்டு தங்கவில்லை, அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மாமா, நீங்கள் பினாங்குக்கு மூன்று தடவை போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். சமது நானாவின் மச்சான் அபூபக்கர் பினாங்கில் தெலுக் பஹாங்கில் மீன் காயவைக்கிறாராம். பட்டாளத்துக்குக் கருவாடு கொடுப்பதால் அங்கே வேலை செய்கிறவர்களை யாரும் பிடிப்பதில்லையாம். இவரை அங்கே கொண்டுபோய் விட முடியுமா? தரைவழியாகப் போனால் மூன்று இடத்தில் சோதனை. நீங்கள் ஒருத்தர்தான் எனக்குத் தெரிந்து கடலில் போகிறவர்.

அத்தை உடம்பு எப்படி? முழங்கால் வலி தேவலையா?

பிரேமாவதி

*

செமிலிங் படகுத்துறை
வைகாசி 6

மருமகளுக்கு ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அத்தையும் ஒரே படகில் நலம். அத்தைக்கு முழங்கால் தேவலை.

இதற்குப் போய் இவ்வளவு தயக்கமா? பினாங்கு எனக்குக் கொல்லைப்புறம் மாதிரி. உன் கடுதாசியை வாசித்த உடனேயே திட்டம் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையை உப்பு எடுக்க வருகிற ஆள் மாதிரி சமது நானாவோடு அனுப்பி வை. மீசையை எடுத்துவிடச் சொல். தோட்டத்தில் கேட்டால் குளிர்காய்ச்சல், சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரி என்று சொல். அமாவாசை கழிந்த மறுநாள் விடிய நீர் வற்றும். அந்த வற்றோடு இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் தஞ்சோங் டாவாய். அதைத் தாண்டினால் கடல். அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். நாலாம் நாள் திரும்பிவிடலாம்.

மாப்பிள்ளைக்குச் சேலை கட்டி அத்தையாக்கி, நான் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தேன். அத்தை, "அப்புறம் படகை யாரு ஓட்டுறது?" என்று கேட்டாள். தமாஷ்காரி.

சமது நானா மட்டும் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "இது சுமத்திராக் காத்து அடிக்கிற மாசம்லா சின்னையா, கொஞ்சம் பொறுக்கலாமே" என்றார். பட்டியல் பொறுக்குமா நானா என்றேன். சைக்கிளை எடுத்தார்.

வயிற்றில் இருப்பதைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே. அத்தை ஒரு பொட்டலம் சுக்கு அனுப்பியிருக்கிறாள். கைநாட்டு இந்தத் தடவை தானே கடுதாசியைக் கேட்டு வாங்கி இரண்டு முறை வைத்தாள். ஒன்று உனக்காம், ஒன்று வயிற்றில் இருப்பதற்காம்.

மாமன் சின்னையா

*

குருண்
வைகாசி 19

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். இவரை அனுப்பியிருக்கிறேன். மீசை இல்லாமல் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. இவருக்கு நீச்சல் தெரியாது மாமா. சுக்கானை நீங்களே பிடியுங்கள். இவரிடம் கொடுக்காதீர்கள், வேடிக்கைக்குக்கூட.

சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

பிரேமாவதி

*

செமிலிங்
ஆனி 20

மருமகள் பிரேமாவதிக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் நலம்.

பதில் தாமதமாகிவிட்டது. பல்வலி. இரண்டு பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, பேனாவைப் பிடித்தால் பல்லில் சுரீர் என்றது.

மாப்பிள்ளை சேர்ந்துவிட்டார். நானே சுக்கான் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கேள். விடிகாலை, நீர் வற்று. மரவில்லையை வாங்கிக்கொண்டு இறங்கினோம். தஞ்சோங் டாவாய் தாண்டினதும் கடல் கண்ணாடி மாதிரி. மாப்பிள்ளை முதலில் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் திறந்தார். திறந்ததும் எதிரே ஏழு ஓங்கில் மீன், வரிசையாக, பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. "பேர் வாசிங்க மாமா" என்றார். சிரித்தோம். நடுக்கடலில் சப்பான் லாஞ்சு ஒன்று வந்தது. சிவப்புப் பொட்டைப் பார்த்து ஏதோ கொடி என்று நினைத்து சல்யூட் வைத்துவிட்டுப் போனது. மறுநாள் சாயங்காலம் தெலுக் பஹாங். அபூபக்கர் கரையில் நின்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குச் சுட்ட மீன். மாப்பிள்ளை நாலு மீன் தின்றார்.

அவர் கடுதாசி எழுதுவது ஆபத்து. எழுத வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். நீயும் எழுதாதே. என்னிடம் சொன்னால் போதும், சேர்ப்பிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமன் சின்னையா

*

குருண்
ஆடி 8

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். உங்கள் கடிதத்தைக் காளியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் பெரட்டுக்கு நின்ற இடத்தில் அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. மறுநாள் அந்தச் செம்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

இவர் இல்லையென்று கிராணி இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார். இவருக்குப் பதில் பக்கத்து வீட்டு அம்மாசியை ஏற்றிவிட்டார்கள். அவன் தாயார் என்னோடு பேசுவதில்லை. 

மாமா, ஒன்று கேட்க வேண்டும். அடுப்பு ஊதும்போதெல்லாம் அதே நினைப்பு. ஒரு படகுக்கு ஒரு ஜோடி என்று எழுதினீர்களே, நீங்கள், அத்தை, இவர், மூன்று பேர் எப்படிப் போனீர்கள்? இந்தக் கடிதத்தில் அத்தை கைநாட்டு இல்லை. சமது நானாவிடம் கேட்டேன். அவர் சைக்கிள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க மாமா எழுதுவாரும்மா" என்றார். இப்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிரசவத்துக்கு அத்தை வந்தால் நன்றாக இருக்கும். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

பிரேமாவதி

*

செமிலிங்
ஆவணி 2

மருமகளுக்கு ஆசீர்வாதம். இங்கு நலம்.

என் மருமகள் என்றால் மருமகள்தான். கணக்கில் புலி. எழுத விட்டுப்போய்விட்டது. மாப்பிள்ளையை உப்புச்சாக்குக்கு அடியில் படுக்கவைத்து, மேலே ஓலை போட்டு மூடிக்கொண்டு போனோம். மூக்குக்கு நேராக ஓலையில் ஓட்டை. துறையில் காவல்காரன் துப்பாக்கி முனையால் சாக்கைக் குத்தினான். ஒரு விரற்கடை தள்ளிக் குத்தினான். மாப்பிள்ளை தும்மவில்லை. அவர் பேரில் எனக்கிருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

அத்தை அங்கேயே தங்கிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்தது. "நான் கூட இருந்து கஞ்சி வெச்சுக் குடுக்கிறேன், நீ போ" என்றாள். ஆகையால் கைநாட்டு இல்லை, ஆகையால் பிரசவத்துக்கும் வர முடியாது. நீ அடுத்தது கேட்பாய், தனி ஆம்பளையாக எப்படித் திரும்பினேன் என்று. வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, அத்தையின் பழைய சேலையைச் சுற்றி, முக்காடு போட்டு முன்பக்கம் உட்காரவைத்தேன். அதிகாரி மரவில்லையைத் திருப்பி வாங்கும்போது பொம்மையைப் பார்த்துத் தலையசைத்தான். இவ்வளவு அமைதியான பெண்டாட்டியை அவன் ஊரிலேயே பார்த்திருக்க மாட்டான்.

ரொம்ப யோசிக்காதே. யோசித்தால் குழந்தைக்கு ஆகாது.

கஞ்சி நானே வைக்கிறேன். உப்பு கூடிவிடுகிறது. குறைக்கச் சொல்ல ஆள் இல்லை.

மாமன் சின்னையா

*

குருண்
ஐப்பசி 21

மாமாவுக்கு வணக்கம். பெண் குழந்தை. ஒன்பது நாளாகிறது. காளியம்மாதான் பிரசவம் பார்த்தாள். எனக்குப் பால் குறைவு, ஆனால் குழந்தை பிடிவாதமாகக் குடிக்கிறது.

வைக்கோல் பொம்மையை நினைத்துச் சிரித்தேன் மாமா. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை.

இப்போது நம் கெடா மாநிலத்தைச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டார்களாம். குருண் சந்தியில் வேறு கொடி. பினாங்கு சப்பான்காரனிடமே இருக்கிறதாம். அங்கே போக இனி வேறு தேசத்துக்குப் போகிற மாதிரி சீட்டு வேண்டுமாம். அவர் இன்னும் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

பிரேமாவதி

*

செமிலிங்
மார்கழி 4

மருமகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம்.

கேட்டேன். மாப்பிள்ளை காயவைத்த மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யோசித்தாராம். அப்புறம், "என்னைக் கரை சேர்த்த அத்தை பேரை வையுங்க" என்றாராம். செல்லாயி என்று வை.

இனிமேல் கடுதாசி எழுதும்போது பாப்பா என்று எழுதாதே. பேரைச் சொல்லியே எழுது. செல்லாயி எழுந்தாள், செல்லாயி சாப்பிட்டாள் என்று விவரமாக எழுது. மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மாமன் சின்னையா

*

குருண்
1944 ஆவணி

மாமாவுக்கு வணக்கம். செல்லாயி நிற்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறாள். செல்லாயிக்கு மரவள்ளிக் கூழ் பிடிக்கவில்லை, துப்புகிறாள். செல்லாயிக்குப் பல் இரண்டு.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். செல்லாயியின் பாதத்தில் பானைக்கரி தடவிப் பதித்தது. அத்தை கைநாட்டு ஞாபகம் வந்தது, அதனால் செய்தேன். அவரிடம் கொடுங்கள்.

மழையில் கூரை ஒழுகுகிறது. காளியம்மாவுக்குக் காலில் புண். மற்றபடி நாள் போகிறது.

பிரேமாவதி

*

குருண் எட்டாங்கட்டைத் தோட்டம்
1945 புரட்டாசி 28

மாமாவுக்கு வணக்கம். சப்பான்காரன் போய்விட்டான் என்பதை நம்ப எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. சயாமிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் இதுவரை ஐந்து பேர். அம்மாசி வந்துவிட்டான், ஆளே குச்சியாக. அவன் தாயார் நேற்று என் வாசலில் வந்து நின்று செல்லாயியைத் தூக்கிக்கொண்டாள். பிச்சை அண்ணன் வரவில்லை. காளியம்மா செம்பை எடுத்துத் திரும்ப வாசலில் வைத்திருக்கிறாள்.

சயாமிலிருந்தே நடந்து வருகிறார்கள் மாமா. பினாங்கு எவ்வளவு தூரம்? இப்போது பட்டியல் இல்லை, மரவில்லை இல்லை. ஏன் இவர் இன்னும் வரவில்லை? அத்தை ஏன் வரவில்லை?

சமது நானாவிடம் கேட்டேன். இந்தத் தடவை விடவில்லை. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடுதாசி கொண்டுபோறதுதாம்மா என் வேலை" என்றார்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை செல்லாயியைத் தூக்கிக்கொண்டு செமிலிங் வருகிறேன். உங்கள் படகில் எங்களைத் தெலுக் பஹாங்குக்குக் கூட்டிப் போங்கள். நாலு தடவை போனவர், ஐந்தாம் தடவை எங்களோடு வாருங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எனக்கு எழுதுங்கள். மீன், பொம்மை எல்லாம் வேண்டாம். நான் களைத்துவிட்டேன்.

பிரேமாவதி

*

செமிலிங்
1945 ஐப்பசி 1

மருமகள் பிரேமாவதிக்கு,

இந்தத் தடவை நான் முன்னாடியே சொன்னேன் என்று எழுத முடியாது. முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி. செல்லாயியைக் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசி.

அன்றைக்கு நீ மாப்பிள்ளையைப் பினாங்குக்குக் கூட்டிப் போகச் சொல்லி எழுதின கடுதாசியை உன் அத்தைக்கு வாசித்தேன். அவள் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "மூணு தடவையா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. நாங்கள் ஒரு தடவைகூட முகத்துவாரத்தைத் தாண்டினதில்லை. ஆற்றிலேயே நான் நடுப்பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் இறைப்பேன். சுக்கான் எப்போதும் அவள் கையில். "சும்மா எழுதினேன், முடியாதுன்னு எழுதிடறேன்" என்றேன். "புள்ள நம்பிட்டா. பேரு பட்டியல்ல இருக்கு. ஒன் வாயால ஆனத நான் செஞ்சுட்டு வாரேன்" என்றாள். கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பாயை விரித்துத் தையல் பார்த்தாள்.

மாப்பிள்ளை உப்புச்சாக்குக்கு அடியில் படுக்கவில்லை. என் தொப்பி, என் சட்டை, என் இடம். அத்தையின் பக்கத்தில் நின்று வணங்கினார். காவல்காரன் பார்த்தான், ஆம்பளை ஒன்று, பொம்பளை ஒன்று, மரவில்லையைக் கொடுத்தான். நான் மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதல்நாளே மாப்பிள்ளை, "நீங்க வரலையா மாமா?" என்று கேட்டிருந்தார். "ஒரு படகுக்கு ஒரு ஜோடிதான் மாப்பிள்ளை" என்றேன். சட்டத்தைச் சொல்கிற மாதிரி பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள்ளே, கடலுக்குப் போக வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பும்போது ஜோடி வேண்டுமே. அதனால் தரைவழியாகத் தஞ்சோங் டாவாய்க்கு வந்து நில் என்றாள். "நாலாம் நாள் வாரேன். வெறும் வயித்தோட நிக்காத." அதுதான் கடைசியாகச் சொன்னது.

நின்றேன். சமது நானா சைக்கிளில் ஏற்றிப் படகுக்கு முன்னாடியே கொண்டுபோய் விட்டார், அதனால் அவர்கள் என்னைத் தாண்டிக் கடலுக்குள் போனதைப் பார்த்தேன், சிவப்புப் பொட்டு கடுகளவு ஆகும் வரைக்கும். மறுநாள் விடியும் நேரத்தில் சுமத்திராக் காற்று அடித்தது. கரையில் இரண்டு தென்னை சாய்ந்தது. நாலு நாள் நின்றேன். ஒன்பது நாள் நின்றேன். துறைக்குத் திரும்பி, படகு கவிழ்ந்துவிட்டது, பெண்டாட்டி போய்விட்டாள் என்று அதிகாரியிடம் சொன்னேன். மரவில்லை எங்கே என்று கேட்டு அறைந்தான். பல் போனது அப்படித்தான். ஒரு மாதம் கழித்து சமது நானா, அபூபக்கரிடமிருந்து செய்தி கொண்டுவந்தார். படகு எதுவும் வரவில்லை.

இரண்டு வருஷமாகத் தேடுகிறோம். ஒரு பலகை கிடைக்கவில்லை. பாய்த்துணி கிடைக்கவில்லை. போய்விட்டார்கள் என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. இருக்கிறார்கள் என்று எழுதவும் எதுவும் இல்லை. சமது நானாவைத் திட்டாதே. ஒவ்வொரு கடுதாசிக்கும், "இத எப்படிப்பா நான் கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

குழந்தைக்குப் பேர் சொன்னது மாப்பிள்ளை இல்லை. நான். செல்லாயி எழுந்தாள், செல்லாயி துப்பினாள் என்று நீ எழுதினதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். அந்தப் பாதம் பதித்த காகிதம் பிஸ்கோத்து டின்னில், அத்தையின் கைநாட்டுக் காகிதத்தோடு பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தருகிறேன். வா. துறையில் நிற்பேன். எங்கேயும் கூட்டிப்போக என்னிடம் படகு இல்லை. ஆனால் நிற்பேன். நீ கல்லைத் தூக்கிப் போட்டாலும் நிற்பேன்.

நான் எழுதுகிறதில் பாதியைக் கழிச்சுக்க என்று அத்தை உன்னிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறாள். தென்னை மரம் உயரத்து அலையை நீ அப்போதே கழித்திருப்பாய். ஓங்கில் மீனை, சல்யூட்டை, பொம்மையை எல்லாம் கழித்திருப்பாய். ஒன்றைத்தான் உன்னால் கழிக்க முடியவில்லை, நான் உன் தாய்மாமன் என்பதால். சுக்கானை நீங்களே பிடியுங்கள் என்று எழுதியிருந்தாயே, பிடித்தேன் என்று பதில் போட்டேனே, அது. அதை எழுதும்போது சுக்கான் கட்டை நிஜமாகவே என் கையில் இருந்தது. அத்தை முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, "இடப்பக்கம், இடப்பக்கம்யா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் படகில் நான் இல்லை. கரையில் நின்றேன். இங்கு நான் கரையில் நலம்.

சின்னையா